மருத்துவக் கருவிகளும் தர முத்திரையும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவத்திற்குப் பயன்படும் கருவிகளின் தரத்தைப் பற்றியும், அத்தரத்திற்கு நாடு வகுத்துள்ள விதிகளைப் பற்றியும் உங்களிடையே பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இது டாக்டர்களும் பொறியியல் வல்லுநர்களும் கூடியுள்ள சபையில் பேசவேண்டிய விஷயமாயிற்றே, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால், அளவு என்பதன் அருமையை உழவரைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் வேறு யாரும் இலர். தராசு பொய்த்தால் ஓராண்டு உழைப்பின் பலன் பொய்த்துப் போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டிய செய்தியன்று. நெல்லுக்கும் பருத்திக்கும் நாம் காட்டும் அந்த விழிப்பை, நம் உடலை அளக்கும் கருவிகளிடத்தும் காட்டவேண்டும் என்பதே இன்று நான் கூறவிருப்பதன் சாரமாகும்.

நமக்குப் புதியதன்று

அளவுக்கு ஒரு பொதுத் தரம் வேண்டும் என்னும் எண்ணம் வெளிநாட்டிலிருந்து நமக்கு வந்ததன்று. தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். நெல்லை அளந்த மரக்காலுக்கும் அதே பெயர்தான். அந்த மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்றும் அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. ஓர் அளவை, தன்னினும் அங்கீகாரம் பெற்ற மற்றோர் அளவையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்பதே இதன் பொருள். இன்று விஞ்ஞானிகள் அளவுத்திருத்தம் என்று கூறுவதும் இதுவே.

அந்த ஒப்பீடு இன்று எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சிறிது விளக்குகிறேன். நம் கடைத்தெருவிலுள்ள தராசை, தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழுள்ள சட்டமுறை எடையளவு ஆய்வாளர் சோதித்து முத்திரையிடுகிறார். அவர் கையிலுள்ள எடைக்கல், அதனினும் துல்லியமான எடைக்கல்லோடு ஒப்பிடப்படுகிறது. அவ்வாறே படிப்படியாக மேலேறிச் சென்றால், புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தை அடைவோம். நம் நாட்டின் கிலோகிராமுக்கு ஆதாரமான மூலப்படி அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. அதன் எண் 57. நம் ஊர் மளிகைக் கடைத் தராசுக்கும் தில்லியிலுள்ள அந்த மூலப்படிக்கும் இடையே அறுபடாத சங்கிலி ஒன்று இருக்கிறது. அச்சங்கிலியில் ஒரு கண்ணி அற்றாலும் தராசின் வாக்கை நம்புவதற்கு இல்லை.

குழந்தையின் எடையும் நெல்லின் எடையும்

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டம் வாணிபத்திற்கு மட்டும் உரியது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. வாங்கல் விற்றலுக்குப் பயன்படும் அளவைகளோடு, பாதுகாப்புக்குப் பயன்படும் அளவைகளையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது. ஒரு மனிதரின் அல்லது கால்நடையின் நலத்தைக் காக்க எந்த நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும் அளவைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தகைய அளவைகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருமுன் சோதித்து முத்திரை பெறவேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியும், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் பெயர் சொல்லியே இடம் பெற்றுள்ளன.

ஆகவே, பிறந்த குழந்தையை நிறுக்கும் தராசுக்கும் நெல்லை நிறுக்கும் தராசுக்கும் சட்டத்தின் பார்வையில் வேற்றுமை இல்லை. ஆனால் விளைவில் எவ்வளவோ வேற்றுமை உண்டு. பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையை எடை குறைந்த குழந்தை என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர். அதற்குச் சூடு காக்கவேண்டும்; தாய்ப்பால் ஊட்டுவதில் தனிக் கவனம் வேண்டும்; செவிலியர் அடிக்கடி வந்து பார்க்கவேண்டும். தராசு 200 கிராம் கூடுதலாகக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 2.4 கிலோ எடையுள்ள குழந்தை 2.6 கிலோ என்று பதிவாகும். புத்தகத்தில் அக்குழந்தை நலமாக இருக்கிறது. தொட்டிலில் அது நலமாக இல்லை. நெல் விற்கையில் 200 கிராம் குறைந்தால் சில ரூபாய்தான் நஷ்டம். இங்கே நஷ்டமாவது எது என்பதைத் தாய்மார்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஆய்வாளரின் முத்திரை பெற்ற 2 கிலோ எடைக்கல் ஒன்றை அங்கன்வாடிக்கோ துணை சுகாதார நிலையத்திற்கோ எடுத்துச் சென்று, அங்குள்ள தராசில் வைத்துப் பாருங்கள். தட்டு வெறுமையாக இருக்கையில் பூச்சியமும், கல்லை வைத்தபின் 2 கிலோவும் காட்டவேண்டும். இது முறையான சோதனைக்கு ஈடாகாது. எனினும் தராசு தவறுகிறதா என்பதை உடனே உணர்த்திவிடும்.

தரத்தை வகுப்போர் யார்?

இந்திய தர நிர்ணய நிறுவனம் 1947 ஜனவரியில், நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னரே தோன்றியது. அது வகுத்த முதலாவது தரம் நம் தேசியக் கொடிக்கு உரியது, 1951-இல் வெளிவந்தது. அந்நிறுவனம் வழங்கிய ஐ.எஸ்.ஐ. முத்திரையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1987 ஏப்ரல் முதல் அது இந்திய தர நிர்ணய அமைவனம் என்னும் பெயரில் பணியாற்றி வருகிறது. மோட்டார் பம்புக்கும் சிமென்டுக்கும் தரம் வகுத்தது போலவே, கண்ணாடி வெப்பமானி, இரத்த அழுத்தக் கருவி முதலிய மருத்துவ சாதனங்களுக்கும் அது தரம் வகுத்துள்ளது.

தரம் வகுப்பது ஒன்று. அத்தரத்தைக் கட்டாயமாக்குவது மற்றொன்று. நெடுங்காலம் வரை மருத்துவ சாதனங்களில் ஒரு சிலவே நம் நாட்டில் உரிமம் பெறவேண்டியவையாக இருந்தன. மருத்துவ சாதனங்களுக்கென்றே தனி விதிகள் 2017-இல் வெளியிடப்பட்டு, 2018 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தன. அபாயத்தின் அளவைக் கொண்டு சாதனங்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. புண்ணுக்குக் கட்டும் பஞ்சு முதல் வகுப்பு. ஊசி இரண்டாம் வகுப்பு. செயற்கை சுவாசக் கருவி மூன்றாம் வகுப்பு. இதயத்தில் பொருத்தும் செயற்கை வால்வு நான்காம் வகுப்பு. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவ சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. அபாயம் குறைந்த இரு வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் முதலும், அபாயம் மிகுந்த இரு வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயமாயிற்று. எனவே, உரிம எண்ணும் உற்பத்தியாளர் முகவரியும் இல்லாத கருவியை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஊராட்சிப் பணத்தில் வாங்குதல் கூடாது.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும்

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகள் அதன்மூலம் வீட்டு வாசலுக்கே வந்தன. இது பெரிய நன்மை. ஆனால், ஆஸ்பத்திரிச் சுவருக்குள் ஓரிடத்தில் இருந்த கருவி இப்போது பையில் ஏறி, வெயிலிலும் புழுதியிலும் தெருத்தெருவாகச் செல்கிறது. ஆகவே, அதனை அடிக்கடி சோதித்தல் முன்னிலும் அவசியமாகிறது.

பாதரசக் கருவியே மெய். பொத்தானை அழுத்தும் கருவி பொய் என்று கூறுவோர் உண்டு. பாதரசம் நிலத்தையும் நீரையும் நஞ்சாக்குவதால், மினமாட்டா உடன்படிக்கை பாதரச வெப்பமானிகளையும் பாதரச அழுத்தமானிகளையும் 2020-உடன் உற்பத்தியிலிருந்து விலக்க வகை செய்தது. இந்தியா 2018-இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. இனி நாம் மின்னணுக் கருவிகளையே நம்பியாக வேண்டும். அவற்றை எவ்வாறு நம்புவது? பன்னாட்டுத் தரம் ஒன்று அதற்கு விடை கூறுகிறது. ஒரு மாதிரிக் கருவியைக் குறைந்தது 85 பேரிடம் வைத்து, தேர்ந்த இருவர் காதால் கேட்டு அளந்த அளவோடு ஒப்பிடவேண்டும். சராசரி வேறுபாடு 5 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. இச்சோதனையில் தேறிய மாதிரி எது என்று கேட்டறிந்து வாங்குவதே முறை.

கருவி நல்லதாயினும் பயன்படுத்தும் முறை தவறினால் பயனில்லை. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். கையைத் தொங்கவிட்டாலும் கூடுதலாகவே காட்டும். வயலிலிருந்து வேகமாக நடந்து வந்தவர் ஐந்து நிமிடமாவது முதுகு சாய்த்து அமர்ந்து, பேசாமலிருந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்த பின்னரே அளக்கவேண்டும். கூடுதலாகக் காட்டினால், நோயில்லாதவர் வேண்டாத மாத்திரையை விழுங்கித் தலை சுற்றி வரப்பில் விழுவார். குறைவாகக் காட்டினால், நோயுள்ளவர் நலமென்று எண்ணியிருந்து ஒருநாள் பக்கவாதத்தில் படுப்பார். இரண்டும் குடும்பத்தைச் சாய்க்கும்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவிக்கும் பன்னாட்டுத் தரம் உண்டு. சர்க்கரையின் உண்மை அளவு 100-க்கு மேற்பட்டிருந்தால், நூறு சோதனைகளில் 95 சோதனைகள் உண்மை அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் அமையவேண்டும் என்கிறது அது. உண்மையில் 200 உள்ளவருக்குக் கருவி 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தரத்துக்கு உட்பட்டதே. ஆகவே, சென்ற வாரம் 180, இந்த வாரம் 195 என்று கண்டு மருந்தைத் தாமே கூட்டிக்கொள்ளுதல் பேதைமை. கரும்பு வெட்டிய கையோடும், வெல்லம் தொட்ட விரலோடும் சோதித்தால் விரலிலுள்ள இனிப்பையும் கருவி கணக்கிட்டுவிடும். கையைக் கழுவித் துடைத்த பின்னரே குத்தவேண்டும். சோதனைப் பட்டைகளின் காலக்கெடுவைப் பார்க்கவேண்டும். அவை வைத்துள்ள குப்பியைத் திறந்து போட்டால் ஈரம் பட்டுக் கெடும்.

தாயே படிக்கக்கூடிய தரம்

தரம் என்றால் வல்லுநர்களுக்கு மட்டுமே விளங்கும் என்று எண்ணவேண்டாம். போலியோ சொட்டு மருந்துக் குப்பியின்மேல் ஒரு சிறு வட்டமும், அதனுள்ளே ஒரு சதுரமும் அச்சிடப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். 1996 முதல் உலகெங்கும் பயன்பட்டுவரும் அடையாளம் இது. உள்ளேயுள்ள சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை. சதுரம் வட்டத்தின் நிறத்தை அடைந்துவிட்டால் அம்மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. எழுத்தறியாத தாயும் இதனைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். ஆயின், இவ்வடையாளம் வெப்பத்தை மட்டுமே காட்டும். உறைந்து கெட்டதைக் காட்டாது. கக்குவான், தொண்டை அடைப்பான், இரண ஜன்னி ஆகியவற்றுக்கான தடுப்பூசி மருந்து உறைந்தால் வீணாகும். அதனாலேயே குளிர்பெட்டியில் வெப்பம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பதும், அதனை நாள்தோறும் இருமுறை குறித்து வைக்கவேண்டும் என்பதும் விதியாயின.

பரிசோதனைக்கூடங்களும் அங்கீகாரமும்

இனி அங்கீகாரம் என்பதற்கு வருவோம். விதை வாங்கும்போது நீல நிறச் சான்றட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். விற்பவர் தம் விதை நல்லதென்று தாமே கூறுவதை நாம் போதுமானதாகக் கொள்வதில்லை. வேறொருவர் வயலுக்கு வந்து பார்த்து, முளைப்புத் திறனைச் சோதித்துச் சான்றளிக்கவேண்டும் என்கிறோம். இரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் கூடங்களுக்கு அத்தகைய சான்றளிப்பதே தேசியப் பரிசோதனை மற்றும் அளவுத்திருத்தக் கூடங்களின் அங்கீகார வாரியமாகும். என்.ஏ.பி.எல். என்பது அதன் சுருக்கப் பெயர். ஐ.எஸ்.ஓ. 15189 என்னும் பன்னாட்டுத் தரத்தைக் கொண்டு அது மருத்துவப் பரிசோதனைக்கூடங்களை ஆராய்கிறது. சிறு பட்டணங்களிலுள்ள சிறிய கூடங்களும் முதற்படியில் ஏறவேண்டும் என்பதற்காக 2019-இல் எளிய தொடக்கநிலைத் திட்டம் ஒன்றையும் அது ஏற்படுத்தியது.

சோதனையைச் சோதிப்பது எங்ஙனம் என்று கேட்கலாம். ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கும் அனுப்பி, ஒவ்வொன்றும் கூறும் விடையை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு வழி. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இத்தகைய ஒப்பீட்டுப் பணியை நாடு முழுவதிலுமுள்ள கூடங்களுக்குச் செய்து வருகிறது. பத்துப் பேர் ஒரே மூட்டையை நிறுத்து ஒன்பது பேர் ஓரெடையும் ஒருவர் வேறெடையும் கூறினால், யாருடைய தராசைப் பார்க்கவேண்டும் என்பது விளங்கிவிடும் அல்லவா?

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். அங்கீகாரம் கூடத்திற்கு மொத்தமாக வழங்கப்படுவதன்று. இன்னின்ன சோதனைகளுக்கு என்று பட்டியலிட்டு வழங்கப்படுகிறது. சுவரில் சான்றிதழ் தொங்கினாலும், நமக்குச் செய்யும் சோதனை அப்பட்டியலில் உண்டா என்று கேட்பது நம் உரிமை. அடுத்து, சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு. காலங்கடந்த சான்றிதழ், காலங்கடந்த பூச்சிமருந்தைப் போன்றதே.

எக்ஸ்ரே கருவியின் நிலை வேறு. அங்கே தவறு நேர்ந்தால் விடை மட்டும் தவறுவதில்லை. கதிர்வீச்சு உடலையே தாக்கும். ஆகவே, 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் எக்ஸ்ரே கருவியை இயக்கக் கூடாது. கருவுற்ற பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்னும் அறிவிப்பும் அங்கே இருத்தல் வேண்டும்.

நம் ஆரம்ப சுகாதார நிலையம்

அரசு மருத்துவ நிலையங்களுக்கென்று மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் தேசியத் தர உறுதித் திட்டத்தை வகுத்தது. மாவட்ட மருத்துவமனைகளில் தொடங்கிய அது பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் விரிந்தது. சேவை, நோயாளர் உரிமை, வசதிகள், துணைப் பணிகள், சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர நிர்வாகம், விளைவு என எட்டுத் துறைகளில் மதிப்பெண் இடப்படுகிறது. மொத்தத்தில் நூற்றுக்கு 70 பெற்றால்தான் தேறுதல். கருவிகளின் பராமரிப்பும் அளவுத்திருத்தமும் இதில் அடங்கும். சான்று மூன்றாண்டுகளுக்குச் செல்லும்.

2015-இல் மருத்துவக் கருவிகளின் பராமரிப்புக்கெனவும் தேசிய அளவில் ஒரு திட்டம் ஏற்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையக் கருவிகள் குறைந்தது 80 விழுக்காடு காலமாவது இயங்கும் நிலையில் இருக்கவேண்டும் என்பது அதன் இலக்கு. கருவி பழுதானால் புகார் பதிவு செய்து எண் பெறலாம். பழுதான கருவியைத் துணி போர்த்தி மூலையில் வைத்துவிட்டுப் புதியது கேட்பது வீண் செலவுக்கே வழி.

ஊராட்சி செய்யவேண்டுவன

அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில், ஊராட்சிகளின் பொறுப்பில் விடத்தக்க 29 பொருள்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் 23-ஆவது பொருள் சுகாதாரம். ஆரம்ப சுகாதார நிலையங்களும் அதில் அடங்கும். ஆகவே, பின்வருவனவற்றை நீங்கள் கைக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் உள்ள கருவிகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும். கருவியின் பெயர், வாங்கிய நாள், கடைசியாகச் சோதித்த நாள், அடுத்துச் சோதிக்கவேண்டிய நாள் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும்.

இரண்டாவது, ஆண்டுக்கொரு முறையேனும் கிராம சபையில் அப்பதிவேட்டைப் படிக்கவேண்டும்.

மூன்றாவது, வெளியூரில் வாழும் நம் ஊர்ச் செல்வர்கள் அன்பினால் கருவிகளை நன்கொடையாக அளிப்பதுண்டு. வாங்குமுன் மருத்துவ அலுவலரைக் கலந்துகொள்ளுமாறு அவர்களை வேண்டுங்கள். பட்டையும் பழுதுபார்ப்பவரும் கிடைக்காத கருவி, வண்டி மாடில்லாத வண்டிதான்.

நான்காவது, செவிலியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். தம் தராசு தவறு என்று தாமே முன்வந்து கூறும் செவிலியரைப் பாராட்டுங்கள். குறையைச் சொன்னால் வசவு கிடைக்கும் என்றால், குறைகள் யாவும் மறைந்தே இருக்கும்.

முத்திரை ஒன்றே நோயைத் தீர்த்துவிடும் என்று நான் கூறவில்லை. அன்புள்ள செவிலியரும் அறிவுள்ள மருத்துவரும் இல்லாத இடத்தில் எம்முத்திரையும் பயன்படாது. சான்று பெறுவதற்குச் செலவும் உழைப்பும் உண்டு. காகிதத்தில் மட்டும் தரம் காட்டுவோரும் உண்டு. ஆனால், செல்வருக்கு ஒரு கூடம் தவறினால் மற்றொரு கூடத்திற்குச் செல்ல வசதியிருக்கிறது. ஏழை உழவருக்கோ ஊரிலுள்ள ஒரு கருவியே கதி. அது சொல்வதே அவருக்குத் தீர்ப்பு. அத்தீர்ப்பு நேர்மையானதாக இருக்கவேண்டும் என்பதற்காகவே தேசியத் தரங்கள் ஏற்பட்டுள்ளன. அவை ஏட்டில் உறங்குவதும் ஊரில் உயிர்பெறுவதும், நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தவை. அக்கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள் என்று வேண்டி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.